மட்டு மரியாதை இல்லாத சிரிப்பு: ‘ஜானே பி தோ யாரோ’ ஏன் கல்ட் படம் ஆனது?

இப்போதெல்லாம் ‘கல்ட்’ என்ற பட்டம் மிக மலிவாகக் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை வெளியான படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ‘கல்ட் கிளாசிக்’ ஆகிவிடுகிறது. சில படங்களுக்கு டீசர் வரும்போதே அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், யாரையாவது புண்படுத்தினால் போதும், அது ‘துணிச்சலான நகைச்சுவை’ என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. புண்பட்டவர் வாய் திறந்தால், நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். கல்ட் படம், மட்டு மரியாதை பார்க்காத நகைச்சுவை ஆகிய இரண்டும் பேச்சில் அடிபடுகிற அளவுக்கு யாருக்கும் தெளிவாகப் புரிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வசதியான படம் ஒன்று உண்டு. குந்தன் ஷா இயக்கி 1983-இல் வெளிவந்த ‘ஜானே பி தோ யாரோ’ என்ற இந்திப் படம் அது. ‘போகட்டும் விடுங்கள் நண்பர்களே’ என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். வெளியானபோது கூட்டம் திரளவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓயவில்லை. ஏன் என்று பார்ப்போம். சினிமா கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கதை, சுருக்கமாக

வினோத், சுதீர் என்று இரண்டு நண்பர்கள். நசீருத்தீன் ஷாவும் ரவி பாஸ்வானியும் நடித்திருக்கிறார்கள். பம்பாயில் ஒரு போட்டோ ஸ்டுடியோ திறக்கிறார்கள், வாடிக்கையாளர் வரவில்லை. ‘கபர்தார்’ என்ற பத்திரிகையின் ஆசிரியை ஷோபா அவர்களுக்கு வேலை தருகிறாள். மாநகராட்சி ஆணையர் டிமெல்லோவும் கட்டடத் தொழிலதிபர் தர்னேஜாவும் நடத்தும் பேரத்தை ஒளிந்திருந்து படம் எடுக்க வேண்டும். தர்னேஜாவுக்கு அஹுஜா என்று ஒரு போட்டியாளரும் இருக்கிறான். மேம்பால ஒப்பந்தம் யாருக்கு என்பதில் தகராறு.

இதற்கு நடுவில் நண்பர்கள் ஒரு போட்டிக்காகப் பூங்காவில் படம் பிடிக்கிறார்கள். அதைக் கழுவிப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னணியில் தர்னேஜா யாரையோ சுட்டுக்கொல்வது தெரிகிறது. செத்தவர் ஆணையர் டிமெல்லோ. பிறகு மேம்பாலத்தின் பக்கத்தில் பிணம் கிடைக்கிறது, சவப்பெட்டியோடு. கிடைத்த கையோடு தொலைந்தும் போகிறது. இங்கிருந்து படம் தலைதெறிக்க ஓடுகிறது. கட்டடக்காரர்கள் இருவர், பத்திரிகை ஆசிரியை, புதிதாக வந்த ஆணையர், நம் நண்பர்கள் என்று எல்லோருக்கும் அந்தப் பிணம் வேண்டும். ஒருவருக்கு மறைக்க, ஒருவருக்கு மிரட்ட, ஒருவருக்கு நியாயம் கேட்க.

குந்தன் ஷா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். செலவு ஏழு இலட்சம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பணம் போட்டது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், அதாவது அரசாங்கம். அரசாங்கத்தின் காசில் அரசாங்கத்தையே இந்தக் கிழி கிழித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், கோப்பில் கையெழுத்துப் போட்ட அந்த அதிகாரியைத் தேடிப்பிடித்துக் கைகுலுக்கத் தோன்றுகிறது.

கல்ட் படம் என்று எதைச் சொல்வது?

முதலில் எது கல்ட் இல்லை என்று பார்த்துவிடலாம். ‘ஷோலே’ 1975-இல் வெளியாகி, பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகள் ஓடிய படம். அதன் வசனங்கள் இசைத்தட்டாகவே விற்றன. அது கல்ட் படம் இல்லை. ஊரே கொண்டாடிய படத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அது மாபெரும் வெற்றிப்படம், அவ்வளவுதான். அதேபோல வடிவேலு வசனங்களைச் சொல்லாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. ஆனால் அவை எல்லோருக்கும் சொந்தமானவை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவரிடம் சொன்னாலும் சிரித்துவிடுவார்.

கல்ட் படம் என்பது வெளியானபோது பெரும் கூட்டம் கண்டுகொள்ளாமல் விட்டு, பிறகு ஒரு சிறு கூட்டம் தேடிப் பிடித்து, திரும்பத் திரும்பப் பார்த்து, தனக்கே உரியதாக ஆக்கிக்கொண்ட படம். இதில் ‘திரும்பத் திரும்ப’ என்பதுதான் உயிர்நாடி. ஒரு முறை பார்த்துப் பாராட்டிவிட்டு நகர்ந்தால் அது ரசனை. இருபதாவது முறை பார்க்கும்போது, அடுத்த வசனத்தை நடிகருக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அது கல்ட்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’. 1975-இல் வெளியாகித் தோற்ற படம். 1976-இல் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். வந்தவர்களே திரும்ப வந்தார்கள். பாத்திரங்களைப் போல வேடமிட்டு வந்தார்கள். திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசினார்கள். கல்யாணக் காட்சியில் அரிசி தூவினார்கள். படம் ஒரு சடங்காகவே மாறிவிட்டது.

நம் படத்துக்கு நள்ளிரவுக் காட்சி வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது தூர்தர்ஷன். தியேட்டரில் தவறவிட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த முறை போட்டபோது பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டார்கள். அதன் பிறகு வீடியோ கேசட், கல்லூரி விடுதி, இணையம். 2012-இல் படச்சுருளைப் புதுப்பித்து மறுபடியும் தியேட்டரில் வெளியிட்டார்கள். 1983-இல் தேடினாலும் கிடைக்காத கூட்டம், வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தது.

இதுவரை பார்த்ததன் சாரம்: கல்ட் என்பது வசூலையோ தரத்தையோ குறிக்கும் சொல் இல்லை. பார்வையாளர் ஒரு படத்தோடு வைத்துக்கொள்ளும் உறவுக்கு அது பெயர். அந்த உறவு உருவாகக் காலம் பிடிக்கும். ஆகவே வெளியாகும் நாளிலேயே எந்தப் படமும் கல்ட் ஆக முடியாது.

கட்டியங்காரனுக்கு இருக்கும் உரிமை

அடுத்தது, மட்டு மரியாதை இல்லாத நகைச்சுவை. இதைப் புரிந்துகொள்ளத் தெருக்கூத்தைப் போல வசதியான இடம் வேறில்லை.

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். திரைக்குப் பின்னால் துரியோதன மகாராஜா கிரீடமும் புஜகீர்த்தியுமாக வந்து நிற்பார். வெளியே கட்டியங்காரன் இருப்பான். மகாராஜாவின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியது அவன் வேலை. சொல்வான், சொல்லிக்கொண்டே கிண்டலும் அடிப்பான். ராஜா தன் பெயரைச் சொன்னால் காது கேளாதவன் போல வேறொன்றாகத் திருப்பிச் சொல்வான். அஸ்தினாபுரத்தைப் பற்றிப் பேசும்போதே உள்ளூர் ரேஷன் கடையை இழுப்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதே கூட்டம், துகிலுரிதல் கட்டம் வந்ததும் கற்பூரம் ஏற்றிக் கைகூப்பும். பக்தியும் பகடியும் ஒரே இரவில், ஒரே மேடையில், ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் இருக்கின்றன.

கட்டியங்காரன் ராஜாவைக் கேலி செய்வதால் பாரதம் கெட்டுப்போவதில்லை. ஏனென்றால் அவன் இறக்கிவைப்பது கிரீடத்தை. கதையை அவன் தொடுவதில்லை. கிரீடம் போட்டவன் பெரியவன் என்ற பாவனையைத்தான் அவன் கலைக்கிறான். பாரதம் சொல்லும் நியாயத்தின் பக்கம்தான் அவனும் நிற்கிறான், ராஜாவைவிட உறுதியாகவே.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. பகடி என்பது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் பொருந்தாத ஒன்றை வைத்துச் சிரிப்பு மூட்டுவது. அங்கதம் என்பது, சமூகத்தில் இருக்கும் ஒரு கோளாறைக் குறிவைத்துச் சிரிப்பது. அவல நகைச்சுவை என்பது, சாவு, கொலை, அழிவு போன்ற சிரிக்கக் கூடாத விஷயங்களிலிருந்து சிரிப்பை எடுப்பது. ‘ஜானே பி தோ யாரோ’ மூன்றையும் ஒன்றாகப் பிசைந்திருக்கிறது. அந்தப் பிசைவு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே காட்சியில் பார்த்துவிடலாம்.

பிணம் திரௌபதியாகிறது

துரத்தல் உச்சத்தில் இருக்கிறது. நண்பர்கள் பிணத்தோடு ஒரு நாடக அரங்குக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மேடையில் மகாபாரதம் நடக்கிறது. அதுவும் சூதாட்டம் முடிந்து, திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரும் கட்டம். மறைத்துவைக்க வேறு இடம் கிடைக்காததால் டிமெல்லோவுக்குச் சேலை உடுத்தி, முக்காடு போட்டு, திரௌபதியாக மேடையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். டிமெல்லோவாக நடித்த சதீஷ் ஷா கனத்த உடம்புக்காரர். செத்தவராக நடிக்கிறார் என்பதால் கண் இமைக்கக் கூடாது, முகம் அசையக் கூடாது. நிமிர்த்தினால் சாய்வார். சபையில் எல்லோரும் அவரை மகாராணி என்று விளிக்கிறார்கள். துச்சாதனன் சேலையைப் பிடித்து இழுக்கலாம் என்று வந்தால், அவிழ்ந்த மறுகணம் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே துரியோதனன் வேடத்தில் நிற்கும் நண்பன் திடீரென்று கையை உயர்த்தி, சேலை உரியும் யோசனையைத் தான் கைவிட்டுவிட்டதாக அறிவிக்கிறான். யோசனை என்பதற்கு அவன் சொல்வது ‘ஐடியா’, கைவிட்டதற்கு ‘டிராப்’. இதிகாச மேடையில், ஜரிகை உடுப்பில், ஆபீஸ் கூட்டத்தில் பேசுகிற பாஷை.

அதற்குள் அஹுஜாவும் பாண்டவர் வேடத்தில் மேடை ஏறிவிடுகிறான். திரௌபதி தனக்கு மட்டும்தான் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது, நாங்கள் எல்லோரும் ‘ஷேர்ஹோல்டர்’கள் என்கிறான். அரியணையில் திருதராஷ்டிரன் உட்கார்ந்திருக்கிறார். கண் தெரியாதவர். இந்த அமளிக்கு நடுவில் அவர் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி: இங்கே என்ன நடக்கிறது? ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் குரலில் எரிச்சல் ஒரு படி ஏறுகிறது. யாரும் பதில் சொல்வதில்லை. போதாக்குறைக்கு சலீமும் அக்பர் பாதுஷாவும் வேறொரு நாடகத்திலிருந்து வழிதவறி வந்தவர்களைப் போல உள்ளே நுழைகிறார்கள்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? பலர் நினைப்பது, ‘புனிதமான ஒன்றைக் கேலி செய்கிறார்கள், அதனால் சிரிப்பு வருகிறது’ என்று. காட்சியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மேடையில் இருக்கும் நாடக நடிகர்கள் யாரும் விளையாட்டுக்கு நிற்கவில்லை. உயிரைக் கொடுத்து நாடகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். வசனம் மாறினால் இவர்களும் மாற்றிச் சமாளிக்கிறார்கள். நண்பர்கள் பிணத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். வில்லன்கள் பிணத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் காரியத்தில் அத்தனை தீவிரமாக இருக்கிறான். பகடிக்கு அடிப்படை விதியே இதுதான்: உள்ளே இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. நடிகர் ஒருவர் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

இரண்டாவது விதி, வடிவம் பார்ப்பவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். துகிலுரிதல் தெரியாத இந்தியர் யார்? அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அது நடக்காமல் போகும் ஒவ்வொரு கணமும் சிரிப்பாக மாறுகிறது. மகாபாரதம் அறியாத வெளிநாட்டவருக்கு இந்தக் காட்சியைப் போட்டுக்காட்டினால் பாதிச் சிரிப்புதான் மிஞ்சும். மரியாதை இல்லாத நகைச்சுவைக்கு, மரியாதை ஊறிப்போன பார்வையாளர் தேவைப்படுகிறார் என்பது வேடிக்கையான உண்மை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இதுதான் என் பார்வையில் படத்தின் மையம். ‘ஷேர்ஹோல்டர்’ என்ற அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாஞ்சாலியைப் பற்றிய மலிவான ஜோக் என்று ஒருவர் முகம் சுளிக்கலாம். ஆனால் அதைச் சொல்கிறவன் யார்? நகரத்தின் நிலத்தையும் பாலத்தையும் கூறு போட்டு விற்கிற கட்டடக்காரன். அவனுக்குத் தர்மரும் தெரியாது, பீமனும் தெரியாது. உலகில் எதைப் பார்த்தாலும் பங்குதான் தெரியும். வேடம் போட்டு இதிகாசத்துக்குள் கொண்டுபோய் விட்டாலும் அவன் வாயில் வருவது தொழில் பாஷைதான். சிரிப்பு அவன் மேல் விழுகிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். மூல பாரதத்தில் அந்தச் சபையின் கொடுமை என்ன? நடப்பது அநியாயம் என்று அங்கே இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் துரோணர் உட்படப் பெரும்பாலோர் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று பாஞ்சாலி கேட்கும் கேள்விக்கு நேரான பதில் இன்றுவரை வரவில்லை. குந்தன் ஷாவின் சபையிலும் பத்திரிகை, மாநகராட்சி, முதலாளி என்று பெரிய மனிதர்கள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒரே வித்தியாசம், இங்கே திரௌபதி கேள்வி கேட்க முடியாது, ஏனென்றால் அவள் பிணம். கேள்வி கேட்பது கண் தெரியாத ராஜா மட்டும்தான். அவருக்கும் பதில் கிடைப்பதில்லை.

இதிகாசத்தைக் கொச்சைப்படுத்திய காட்சி என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டும் ஜரிகையுமாக எடுக்கப்பட்ட பல பக்திப் படங்களைவிட இந்தக் கேலிக் காட்சி பாரதத்தின் சபையை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. கட்டியங்காரன் செய்வதும் இதைத்தான்.

மேலே சொன்னதைத் தொகுத்தால்: மட்டு மரியாதை பார்க்காத நகைச்சுவை என்றால் எதையும் யாரையும் திட்டிவிடுவது என்று பொருள் இல்லை. தெரிந்த வடிவம், பொருந்தாத பொருள், சிரிக்காத நடிகர்கள், இவை மூன்றும் சேர்ந்தால் பகடி. அந்தச் சிரிப்பு யார் தலையில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது அங்கதமா, வெறும் வசவா என்று தீர்மானமாகிறது.

சாக்கடைத் தத்துவம்

மகாபாரதக் காட்சியின் புகழால் மறைந்துபோன நல்ல இடங்கள் படத்தில் நிறைய. அவற்றில் டிமெல்லோ உயிரோடு இருக்கும் காட்சிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. வெளிநாடு போய்வந்த ஆணையர், அங்கே குடிநீர் தனி, சாக்கடை நீர் தனி என்று அதிசயித்துச் சொல்கிறார். அதைக் கேட்டு எதிரே இருப்பவர்களும் அதிசயிக்கிறார்கள். நகரத்தின் குடிநீருக்குப் பொறுப்பான மனிதருக்கு இது வெளிநாட்டு விந்தையாகத் தெரிகிறது என்பதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. கேக்கைக் கொஞ்சம் தின்று கொஞ்சம் வீசி எறிவதுதான் நாகரிகம் என்றும் அவர் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் செத்த பிறகு நடக்கும் புகழுரையில், சாக்கடைகளுக்காகவே வாழ்ந்தவர் என்று போற்றப்படுகிறார்.

பிணத்தோடு அஹுஜா நடத்தும் உரையாடலும் அப்படித்தான். ஓம் புரி நடித்த அஹுஜா முட்டக் குடித்துவிட்டு வருகிறான். நடுச்சாலையில் சக்கரம் வைத்த சவப்பெட்டியும் அதில் டிமெல்லோவும். அதை அவன் பழுதாகி நின்ற ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்துக்கொள்கிறான். பதில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ‘டிரைவர்’மேல் கோபம் வருகிறது, பிறகு இரக்கம் வந்து உதவியும் செய்கிறான். அவல நகைச்சுவை என்று மேலே விளக்கினேனே, அதற்கு இந்தக் காட்சியைப் பாடமாகவே வைக்கலாம். சாவை இங்கே யாரும் கேலி செய்யவில்லை. செத்தவனுக்கும் உயிரோடிருப்பவனுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மிதப்பில் இருக்கும் ஒருவனைத்தான் பார்க்கிறோம்.

எல்லாக் காட்சிகளும் இந்தத் தரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேர் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்ளும் காட்சியை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது தேவைக்கு மேல் நீள்வதாகவே படுகிறது. கல்ட் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதுவும் கல்ட்டின் இலக்கணத்தில் ஒன்று.

கடைசிக் காட்சி இல்லாவிட்டால்?

வெறும் சிரிப்புப் படங்கள் எத்தனையோ வந்து போயின. இது நின்றதற்குக் காரணம், அதன் முடிவு என்று நினைக்கிறேன். இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு, நண்பர்கள் கையில் ஆதாரம் இருந்தும், எதிரும் புதிருமாக நின்ற பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆசிரியையும் அவர்கள் பக்கம். மேம்பாலம் இடிந்து விழுந்ததற்கு வினோதும் சுதீரும்தான் காரணம் என்று பழி சுமத்தப்படுகிறது. கைதி உடுப்பில் இருவரும் பம்பாய்த் தெருவில் நடந்து வருகிறார்கள். பின்னணியில், படம் நெடுக நம்பிக்கையோடு ஒலித்துவந்த ‘ஹம் ஹோங்கே காம்யாப்’, நாம் ஒருநாள் வெல்வோம் என்ற பாட்டு. இருவரும் நம்மைப் பார்க்கிறார்கள். கழுத்து அறுபடுவதைப் போல ஒரு சைகை. படம் முடிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் கைகோத்துப் பாடிய பாட்டு அது. அந்தப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை யாரும் செய்ததில்லை என்றும் சொல்லலாம். அந்தப் பாட்டை இவ்வளவு உண்மையாக வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்றும் சொல்லலாம். இரண்டு மணி நேரம் நாம் சிரித்ததற்கு இங்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது.

இந்த முடிவு வானத்திலிருந்து குதித்தது இல்லை. படத்துக்கு முந்தைய ஆண்டு, 1982 ஜனவரியில், சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் எழுந்த குற்றச்சாட்டுகளால் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே பதவி விலக நேர்ந்தது. கட்டடக்காரர், அதிகாரி, சிமெண்ட் என்ற சொற்களெல்லாம் அன்றைய பம்பாய்வாசிக்குத் தினசரிச் செய்தி.

ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

ஒரே ஜோக்கை இருபது முறை கேட்டால் சிரிப்பு வராது. அப்படியிருக்க நகைச்சுவைப் படம் ஒன்றை எப்படி இருபது முறை பார்க்க முடிகிறது? முதல் முறை அடுத்து என்ன என்று பார்க்கிறோம். பிறகு எப்படி என்று பார்க்கிறோம். ஓரத்தில் இருப்பவை கண்ணில் படத் தொடங்குகின்றன. கொலை நடக்கும் பூங்காவின் பெயர் ‘அந்தோனியோனி பார்க்’. புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கொலையைக் கண்டுபிடிக்கும் ‘ப்ளோ-அப்’ என்ற 1966-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்த இத்தாலிய இயக்குநரின் பெயர் அது. நாயகர்கள் பெயரான வினோத் சோப்ராவும் சுதீர் மிஸ்ராவும் இந்தப் படத்திலேயே வேலை செய்த, பின்னாளில் இயக்குநர்களாகப் பெயர் பெற்ற இருவரின் பெயர்கள். இப்படிப் புதையல் எடுக்க எடுக்க, பார்ப்பவருக்குப் படத்தில் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமான காரணம், ஊர் மாறாமல் இருப்பது. 2016 மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் விவேகானந்தா சாலை மேம்பாலம், கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் ‘இது கடவுளின் செயல்’ என்று சொன்னது நாடெங்கும் செய்தியானது. டிமெல்லோவின் வாயில் வைக்க வேண்டிய வசனம். 1983-இல் மிகை என்று தோன்றியது, ஒவ்வொரு பாலம் விழும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக யதார்த்தமாகிக்கொண்டு வருகிறது. படம் மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் விதம் மாறுகிறது. கல்ட் படங்கள் பழசாகாமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

இன்று இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இந்தப் படத்துக்காக இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற குந்தன் ஷா, 2015-இல், நாட்டில் சகிப்பின்மை பெருகுவதாகச் சொல்லி மற்றத் திரைக்கலைஞர்கள் பலரோடு சேர்ந்து அந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். ‘ஜானே பி தோ யாரோ’வை இன்று தன்னால் எடுக்க முடியாது என்றும் அப்போது சொன்னார். 2017 அக்டோபரில் அவர் காலமானார்.

முதல் முறை பார்க்கப் போகிறவருக்கு

இணையத்தில் மகாபாரதக் காட்சி மட்டும் தனித் துண்டாகக் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்காதீர்கள். சேலைக்குள் இருப்பது யார், அவரைச் சுமந்து இவர்கள் எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பார்த்தால் வெறும் கூச்சலாகத்தான் தெரியும். படத்தை முதலிலிருந்து பாருங்கள். ஆரம்ப அரை மணி நேரம் மெதுவாகப் போகும். ஸ்டுடியோ, பத்திரிகை அலுவலகம், பேரம் என்று ஆட்களை அறிமுகப்படுத்தவே நேரம் சரியாகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரியாவிட்டாலும் சப்டைட்டில் போதும், சில சொல் விளையாட்டுகள் மட்டும் நழுவும். தனியாகப் பார்ப்பதைவிட நாலு பேரோடு பார்ப்பது நல்லது. அந்த நாலு பேரில் ஏற்கெனவே பார்த்தவர் ஒருவர் இருந்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் முந்திக்கொண்டு சிரித்து உங்கள் உயிரை எடுப்பார். அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுங்கள்.